காலிக் கட்டமும் செவலை மாடும்

ஏழுமதகு என்ற ஊருக்கு நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். போயிருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல, நீங்கள் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த ஊர்ப் பேரூராட்சிக்குச் சொந்தமாக வாய்க்கால் கரையில் ஒரு மாட்டுப்பட்டி உண்டு. தெருவில் கேட்பாரற்றுத் திரியும் மாடுகளைப் பிடித்து அதில் அடைப்பார்கள். உரியவர் வந்து கேட்டால் அவிழ்த்துக் கொடுப்பார்கள். யாரும் கேட்காத மாடுகளை ஏற்றிப்போக மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லாரி வரும். அது நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு பண்ணைக்குப் போகும். லாரி ஏறின மாடு திரும்பி வந்ததாக அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

பட்டியைக் கட்டிக் காக்க நான்கு பேர் இருந்தார்கள். கண்காணிப்பாளர் அம்பலவாணன்தான் தலைமை. தலையில் ஒரு முடிகூட இல்லாததால் மூளைக்கு நல்ல காற்றோட்டம் கிடைக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. எழுத்தர் தெய்வசகாயம் உறுதியாகத் தெரியாத எதையும் எழுத மாட்டார். அதனால் அவருடைய பதிவேடுகள் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே வெள்ளை வெளேரென்று இருந்தன. தட்டச்சர் குமுதவல்லி சொன்னதைச் சொன்னபடியே அடிப்பாள். சொல்கிறவர் நடுவில் தும்மினால் அதையும் சேர்த்து அடிப்பாள். நான்காவது ஆள் காவலாளி பக்கிரிசாமி. மாடு பிடிப்பதில் சூரன். காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

இந்த நான்கு பேருக்கும் போன மாதம் ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அதில் இரண்டே விதிகள். முதல் விதி: இனி மாட்டைத் தேடுவது கம்ப்யூட்டரில் உள்ள படிவத்தின் மூலமாக மட்டுமே, நேரில் பார்த்துத் தேடக் கூடாது. இரண்டாவது விதி: படிவத்தில் தெரியாத கட்டத்தைக் காலியாக விடவும்.

அம்பலவாணன் முதல் விதியைப் படித்த கையோடு, பட்டியைப் பார்த்தாற்போல் இருந்த ஜன்னலைச் சாத்தி ஆணி அடிக்கச் சொன்னார். கண் தன்னையறியாமல் அந்தப் பக்கம் போய்விட்டால் என்ன செய்வது? போதாததற்கு அதன்மேல் பழைய செய்தித்தாளையும் ஒட்டினார்கள். அதுமுதல் மாடுகள் என்ன செய்கின்றன என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சத்தம் மட்டும் வரும்.

அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் அம்பலவாணன் வீட்டில் பெரிய ரகளை. அவருடைய மனைவி மங்கையர்க்கரசி ஆசை ஆசையாய்க் கன்றிலிருந்து வளர்த்த செவலைப் பசுவை மூன்று நாளாகக் காணவில்லை. நிறைமாதச் சினை. அந்த அம்மாள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

"இங்க பாருங்க. ஊரு மாட்டையெல்லாம் பிடிச்சு அடைக்கிறீங்க, சொந்த மாட்டைக் கண்டுபிடிக்கத் துப்பில்ல. மாட்டோட வந்தா உள்ள வாங்க. இல்லன்னா இந்த வாசப்படியை மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்பலவாணனுக்கும் துக்கம்தான். தினமும் சாயங்காலம் அவர் போய்ப் பக்கத்தில் நின்றால் செவலை அவருடைய மொட்டைத் தலையை ஒரு நக்கு நக்கும். உலகத்தில் அவருடைய தலையை மதித்த ஜீவன் அது ஒன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து "ம்ம்மா" என்று ஒரு குரல். அம்பலவாணன் துள்ளி எழுந்தார்.

"இது எங்க செவலை குரலாச்சே!"

"ஆமா சார்," என்றார் பக்கிரிசாமி. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான்தான் பிடிச்சேன். உங்க வீட்டு வாசல்லதான் நின்னுச்சு."

"ஏய்யா, என் மாடுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் சார். ஆனா மாடு சொல்லலையே."

அம்பலவாணன் சற்று யோசித்தார். பக்கிரிசாமி சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. முகத்தாட்சண்யம் பார்க்காமல் கடமையைச் செய்ததற்காகப் பக்கிரிசாமியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு, மாட்டைக் கேட்டு வருகிற எவரும் மனு எழுதித் தர வேண்டும் என்பதால் மேசையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய் நின்று ஒரு மனு எழுதினார். அதை வாங்கிக்கொள்ள நாற்காலியில் ஆள் இல்லை. மறுபடி சுற்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். இப்போது கொடுக்க ஆள் இல்லை. இப்படி ஏழெட்டுத் தடவை சுற்றியபின், மனுவை மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்து எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

"மூணு மணிக்குள்ள முடிக்கணும் குமுதா," என்றார் மூச்சு வாங்க. "லாரி வந்துடும். போடு. பேரு, செவலை. நிறம், செவலை. கொம்பு, ரெண்டு, இடது கொம்பு கொஞ்சம் வளைசல். வயசு, அஞ்சு. வால்ல வெள்ளைக் குஞ்சம். உரிமையாளர், மங்கையர்க்கரசி."

குமுதவல்லி எல்லாக் கட்டங்களையும் நிரப்பித் தேடச் சொன்னாள். கம்ப்யூட்டர் ஒரு நிமிடம் முனகிவிட்டு, "பதிவு எதுவும் இல்லை" என்றது.

ஜன்னலுக்கு அப்பால் செவலை "ம்ம்மா" என்றது.

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கம்ப்யூட்டர் இல்லங்குது," என்றார் தெய்வசகாயம்.

"அப்ப கத்துறது யாரு?" என்றார் அம்பலவாணன்.

"இல்லாத மாடு, சார்."

"இல்லாத மாடு கத்துமா?"

"இருக்கிற மாடா இருந்தா கம்ப்யூட்டர்ல இருக்குமே சார்."

அடுத்த அரைமணி நேரம் செவலை கத்தும்போதெல்லாம் நான்கு பேரும் அது கேட்காத மாதிரியே இருந்தார்கள். ஆனால் அம்பலவாணன் மட்டும் ஒவ்வொரு தடவையும் நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"சகாயம், செவ்வாய்க்கிழமை அந்த மாட்டை நீங்க எப்படிப் பதிஞ்சீங்க?"

"முறைப்படிதான் சார். பேரைக் கேட்டேன். மூணு தடவை கேட்டேன். மாடு வாயைத் திறக்கல. அதனால பேர்க் கட்டத்தைக் காலியா விட்டேன். அப்ப பொழுது சாஞ்சுட்டுது, நிறம் சரியாத் தெரியல, காலி. வயசைக் கேட்டேன், முறைச்சுப் பார்த்துது. பெண்பிள்ளை கிட்ட வயசு கேட்டது என் தப்புதான். காலியா விட்டேன்."

"கொம்பு?"

"அது முட்ட வந்துது சார். நான் திரும்பி ஓடிட்டேன். முதுகுப் பக்கமா ரெண்டு இடத்துல குத்துச்சு. ஒரே கொம்பு ரெண்டு தடவையா, ரெண்டு கொம்பு ஒரே தடவையான்னு உறுதியாச் சொல்ல முடியல."

மற்ற மாடுகளும் இப்படித்தான் பதியப்பட்டிருந்தன. எருமை ஒன்றுக்கு மட்டும் பெயர் இருந்தது. அதன் கழுத்துப் பலகையில் 'காளி' என்று எழுதியிருந்ததால் தெய்வசகாயம் துணிந்து எழுதியிருந்தார். காளி பொல்லாதவள். அவளை மட்டும் இரண்டு கயிறு போட்டு மூலையில் கட்டியிருந்தார்கள்.

"அப்படின்னா நாமளும் எல்லாத்தையும் காலியா விட்டுத் தேடுனா என்ன?" என்றாள் குமுதவல்லி.

அம்பலவாணன் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினார். "படிச்சுப் பாரு. 'தெரியாத கட்டத்தைக் காலியாக விடவும்.' எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி காலியா விட்டா அது பொய் மனு. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பொய் மனு கொடுத்ததில்ல."

"அப்ப நீங்க மறக்கணும் சார்," என்றார் தெய்வசகாயம்.

வேறு வழி இல்லை. அம்பலவாணன் கண்ணை மூடிக்கொண்டு செவலையை மறக்க உட்கார்ந்தார். கால் மணிக்கு ஒரு தரம் தெய்வசகாயம் வந்து, "மாட்டோட பேரு என்ன சார்?" என்று கேட்பார். "செவலை" என்பார் அம்பலவாணன். "இன்னும் மறக்கல" என்று தெய்வசகாயம் ஒரு தாளில் குறித்துக்கொள்வார். பன்னிரண்டு மணிக்குள் அம்பலவாணன் மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறந்தார். சாப்பாட்டுத் தூக்கை மறந்தார். அன்றைக்கு என்ன கிழமை என்பதுகூட மறந்துபோயிற்று. செவலை மட்டும் போகவில்லை. அதன் சொரசொரப்பான நாக்கு தலையில் படுகிற மாதிரியே இருந்தது. அவர் உடைந்துபோய் அழுதே விட்டார்.

"என்னால முடியாது சகாயம். பெத்த பிள்ளையை மறக்கச் சொன்ன மாதிரி இருக்கு."

குமுதவல்லிக்கு மனசு கேட்கவில்லை. "சார், எனக்கு உங்க மாட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நீங்க சொன்னதை அடிச்சேனே தவிர காதுல வாங்கல. நான் தேடுறேன். அது பொய் ஆகாது" என்றாள்.

அவள் ஒரு கட்டம் விடாமல் எல்லாவற்றையும் காலியாக விட்டுத் தேடினாள். "பதிவு எதுவும் இல்லை" என்றது கம்ப்யூட்டர்.

இப்போது எல்லோருக்கும் தலை சுற்றியது.

"அதுலயும் காலி, இதுலயும் காலி. காலியும் காலியும் எப்படிச் சேராமப் போகும்?" என்றார் அம்பலவாணன்.

தெய்வசகாயம் ஆழ்ந்து யோசித்துச் சொன்னார்: "சார், ஒரு டம்ளர் காபியைக் குடிச்சுக் காலி பண்றோம். இன்னொரு டம்ளர்ல காபியே ஊத்தல. ரெண்டும் காலிதான். ஆனா ஒண்ணு கழுவணும், இன்னொண்ணு கழுவ வேண்டாம்."

"அப்ப நம்ம காலி கழுவின காலியா, கழுவாத காலியா?"

"அதைப் படிவம் செஞ்சவங்களைத்தான் கேக்கணும்."

படிவம் செய்தவள் திருச்சியில் இருந்த ஹெப்சிபா என்ற பொறியாளர். போனில் பேசலாம். ஆனால் அந்த அலுவலகத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் வாய்க்கால் கரை வேப்பமரத்தின் மூன்றாவது கிளை. நால்வரில் மரம் ஏறத் தெரிந்தவர் பக்கிரிசாமி ஒருவர்தான். எனவே, காது மந்தமானவர் மரத்தின்மேல் இருந்து போன் பேசுவதும், காது கேட்கிற மூன்று பேர் கீழே நின்று அவர் வாயைப் பார்ப்பதும் அந்த அலுவலக வழக்கம்.

மேலே ஹெப்சிபா பொறுமையாக விளக்கினாள். "நீங்க பதியும்போது விட்டது வேற காலி. தேடும்போது விடுறது வேற காலி. ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கிற மாதிரி இப்பவே சரி பண்றேன். இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் கட்டத்தைக் காலியா விடுங்க."

பக்கிரிசாமி கிளையிலிருந்து கீழே கத்தினார். "சார்! நம்ம காளி வேறயாம், அவங்க காளி வேறயாம்!"

"அவங்க கிட்டயும் ஒரு காளி இருக்கா?" என்று அம்பலவாணன் வியந்தார். "சரி, நாம என்ன செய்யணுமாம்?"

"கட்டை அவுத்துக் காளிய விடச் சொல்றாங்க!"

கீழே மூன்று பேருக்கும் முகம் வெளுத்தது.

"நல்லாக் கேட்டியா பக்கிரி? காளியையா?"

"ரெண்டு தடவை சொன்னாங்க சார்! கட்டை அவுத்துக் காளிய விடுங்கன்னு!"

மேலிடத்து உத்தரவு. மறுத்துப் பேசி அம்பலவாணனுக்குப் பழக்கமில்லை. சாமியைக் கும்பிட்டுக்கொண்டு பட்டிக்குள் போனார். நேரில் பார்த்துத் தேடக் கூடாது என்பதால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு மாடாகத் தடவிப் பார்த்து, உதை விழுந்த இடத்தில் அதுதான் காளி என்று கண்டுகொண்டு இரண்டு கயிற்றையும் அவிழ்த்துவிட்டார்.

காளி முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினாள். நேரே அலுவலகத்துக்குள் புகுந்து, மேசையைக் கவிழ்த்து, தெய்வசகாயத்தின் பதிவேடு ஒன்றை மென்று பார்த்தாள். எழுத்தே இல்லாததால் ருசிக்கவில்லை போலும்; துப்பிவிட்டாள். முதுகு அரித்தது. ஜன்னலில் வைத்துத் தேய்த்தாள். ஆணியும் செய்தித்தாளும் சட்டமுமாக ஜன்னல் அப்படியே பெயர்ந்து விழுந்தது. அது முடிந்ததும் வெளியே போய், மரத்தின்மேல் இருந்த பக்கிரிசாமியைக் கண்டு, மரத்தை முட்ட ஆரம்பித்தாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் மற்ற மூன்று பேரும் அலுவலகத்துக்குள் ஓடினார்கள். ஜன்னல் இருந்த ஓட்டையில் இப்போது ஒரு செவலை முகம் எட்டிப் பார்த்தது.

"கண்ணை மூடுங்க!" என்று அலறினார் அம்பலவாணன். மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். செவலை கழுத்தை நீட்டி, மூன்று நாளாகக் காணாத அந்த மொட்டைத் தலையைக் கண்டு, ஆசை தீர நக்கியது.

"நான் பாக்கல," என்றார் அம்பலவாணன். மூடிய கண்ணிலிருந்து தாரையாகக் கண்ணீர் வழிந்தது. "நான் உன்னைப் பாக்கவே இல்லடி செல்லம். நீ இன்னும் கிடைக்கல. கொஞ்சம் பொறுத்துக்கோ."

தடவித் தடவி அந்த முகத்தை வெளியே தள்ளிவிட்டு, பீரோவை நகர்த்தி ஓட்டையை அடைத்தார்கள். சுவர்க்கடிகாரம் இரண்டேகால் காட்டியது.

அப்போது மரத்திலிருந்து பக்கிரிசாமியின் குரல் வந்தது. "சார்! சரி பண்ணியாச்சாம்! இனிமே காலியா விட்டா எல்லாம் வருமாம்! அதுக்கு மேல என்னமோ சொன்னாங்க. காளி முட்டுனதுல போன் வாய்க்காலுக்குள்ள விழுந்துட்டு!"

அதற்கு மேல் ஹெப்சிபா சொன்னது, "வர்ற பட்டியல்ல உங்க மாட்டை மட்டும் தேர்ந்தெடுங்க" என்பது. அதை வாய்க்கால் மீன்கள் கேட்டிருக்கும்.

குமுதவல்லி கவிழ்ந்த மேசையை நிமிர்த்தி, கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்து, எல்லாக் கட்டங்களையும் காலியாக விட்டுத் தேடினாள். இந்தத் தடவை கம்ப்யூட்டர் முனகவே இல்லை. "பதினொரு பதிவுகள் கிடைத்துள்ளன" என்று பளிச்சென்று காட்டியது.

"கிடைச்சிட்டுது!" என்று கத்தினாள்.

"எது?"

"பதினொண்ணும் சார். நாம தேடுனது உங்க மாட்டை. வந்திருக்கிறது பதினொண்ணு. அப்ப பதினொண்ணும் உங்க மாடுதான்."

அம்பலவாணன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "இத்தனை வருஷமா எனக்கு ஒரே ஒரு மாடுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"கவனமா இருக்கணும் சார்," என்றார் தெய்வசகாயம். "பாருங்க, காளிகூட உங்களுதுதான். சொந்த மாட்டுக்கிட்டயே உதை வாங்கியிருக்கீங்க."

லாரி வருவதற்குள் சொந்த மாடுகளைக் கரையேற்ற வேண்டும். அம்பலவாணன் பதினொரு தரம் கையெழுத்துப் போட்டார். பக்கிரிசாமி மரத்திலிருந்து இறங்கி, பத்து மாடுகளையும் ஓட்டிக்கொண்டு அம்பலவாணன் வீட்டுக்குப் போனார். காளி தானாகவே பின்னால் போனாள்; அவளுக்குப் பக்கிரிசாமியிடம் இன்னும் பாக்கி இருந்தது.

சிறிது நேரத்தில் பக்கிரிசாமி நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

"வீட்டுல என்ன சொன்னாங்க?" என்று ஆவலோடு கேட்டார் அம்பலவாணன்.

"ஒண்ணும் சொல்லல சார். வாயைத் திறந்தாங்க. அப்படியே காலியா விட்டுட்டாங்க."

மணி மூன்றாக ஐந்து நிமிடம். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அவர்கள் மூச்சு விடுகிற நேரத்தில், தெய்வசகாயம் லாரிக்குக் கொடுக்க வேண்டிய சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார். அதில் 'ஏற்றப்படும் கால்நடைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதன் கீழே கொட்டை எழுத்தில், 'இக்கட்டத்தைக் காலியாக விடக் கூடாது' என்று அச்சிட்டிருந்தது.

"பட்டியில ஒரு மாடுகூட இல்லையே சார்."

"பூஜ்யம்னு எழுதுங்களேன்."

"பூஜ்யம்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஒண்ணுமில்லன்னா காலி. காலியா விடக் கூடாதுன்னு போட்டிருக்கு."

அம்பலவாணன் வழுக்கையைத் தடவிக்கொண்டே யோசித்தார். காற்றோட்டம் வேலை செய்தது.

"சகாயம், நீங்க ஆபீஸுக்கு எதுல வர்றீங்க?"

"நடந்துதான் சார்."

"பக்கிரி?"

"நடந்துதான் சார்."

"நானும் முப்பது வருஷமா கால்நடையாத்தான் வர்றேன்!" என்று மேசையைத் தட்டினார் அம்பலவாணன். "அப்புறம் என்ன? எழுதுங்க, மூணு!"

குமுதவல்லி மட்டும் பஸ்ஸில் வருகிறவள். அதனால் அவள் தப்பினாள். மூன்று பேரும் போய்ப் பட்டிக்குள் வரிசையாக நின்றார்கள். குமுதவல்லி அவர்களை முறைப்படி கம்ப்யூட்டரில் பதிந்தாள். கேட்டவுடனே பெயரைச் சொன்ன முதல் கால்நடைகள் இவர்கள்தான் என்று தெய்வசகாயத்துக்குக் கொஞ்சம் பெருமை. கொம்பு, வால் கட்டங்கள் மட்டும் காலி.

மூன்று மணிக்கு லாரி வந்தது. ஓட்டி வந்த சவரிமுத்து அதிகம் பேசாத மனிதர். சீட்டைப் படித்தார். பட்டியைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் படித்தார்.

"மூணு உருப்படி. சரியா இருக்கு" என்று சொல்லிப் பலகையைச் சாய்த்து வைத்தார். "ஏறுங்க."

பலகையில் ஒரு காலை வைத்தபோதுதான் அம்பலவாணனுக்கு அந்த நூறு மைல் ஞாபகம் வந்தது. இந்த லாரி ஏறின எதுவும் திரும்பி வந்ததில்லை. செவலை வீட்டுக்குப் போயிருக்கும். சாயங்காலம் அவரைத் தேடும். இன்றைக்கோ நாளைக்கோ கன்று போடும். அதை அவர் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் சீட்டில் மூன்று என்று எழுதியாகிவிட்டது. அவர் மற்றொரு காலையும் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து மங்கையர்க்கரசி கையில் விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். ஊரார் மாடு பத்து அவள் வீட்டுக் கொல்லையில் வாழையைத் தின்றுகொண்டிருந்தது. கேட்டுவிட்டுப் போக வந்தவள், புருஷன் மாட்டு லாரியில் நிற்பதைப் பார்த்துக் கேட்க வந்ததையே மறந்துபோனாள்.

"அய்யய்யோ! என்னாங்க இது? இறங்குங்க!"

"அம்மா, அம்மா! அங்க பாக்காதீங்க!" என்று குமுதவல்லி குறுக்கே வந்து அவளை அலுவலகத்துக்குள் இழுத்துப்போனாள். "நேர்ல பாத்துத் தேடக் கூடாதும்மா. படிவத்துலதான் தேடணும். யாரு வேணும்? பேரைச் சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரருதான்டி!"

"பேரு?"

மங்கையர்க்கரசி வாயில் கையை வைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில்கூட அடுத்த வீட்டுக்காரிதான் சொல்வாள்.

"அவுக பேரை நான் எப்படிம்மா சொல்றது? உனக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியும்மா. ஆனா மனு உங்களுது."

வெளியே லாரி உறுமியது. மங்கையர்க்கரசி தவித்தாள். "சிதம்பரத்துல கோயில் கொண்டிருக்கார்ல? ஒத்தைக் காலைத் தூக்கி ஆடுறவரு? அவர் பேருதான்!"

"ஆடு" என்று அடித்தாள் குமுதவல்லி. பதிவு எதுவும் இல்லை. "ஆடு இல்லையேம்மா. இது மாட்டுப்பட்டி. சரி, நிறம் என்ன? கொம்பு எத்தனை?"

"இந்த நேரத்துல கொம்பு என்னடி கொம்பு! எல்லாத்தையும் விடுடி!"

குமுதவல்லி எல்லாவற்றையும் காலியாக விட்டுத் தேடினாள். "மூணு பேர் கிடைச்சிருக்காங்கம்மா. மூணுமே உங்க வீட்டுக்காரர்தான். கையெழுத்துப் போட்டுட்டு ஓட்டிக்கிட்டுப் போங்க."

"எனக்கு ஒண்ணு போதும்டி!"

"வந்ததைப் பிரிக்க அதிகாரம் இல்லம்மா. மூணும் எடுத்துக்கங்க. இல்ல, மூணும் லாரிக்கு."

மங்கையர்க்கரசி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று கையெழுத்துப் போட்டாள். சவரிமுத்து சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று பேரும் பலகை வழியே இறங்கி, விளக்குமாற்றுக்கு முன்னால் அடக்க ஒடுக்கமாக நடந்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டு வாசலில் செவலை நின்றுகொண்டிருந்தது. அம்பலவாணனைப் பார்த்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை. ஓடிவந்து நக்கியது. இப்போது அவர் கண்ணைத் திறந்துகொண்டே நக்கக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அந்தத் தெரு பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் மங்கையர்க்கரசியின் கோபமும் இறங்கிவிட்டது.

"சரி, சரி. மாடு வந்துட்டுது, அது போதும். உள்ள வாங்க, மூணு பேருக்கும் காபி போடுறேன்" என்றாள்.

தெய்வசகாயமும் பக்கிரிசாமியும் செருப்பைக் கழற்றினார்கள். அம்பலவாணன் மட்டும் படியருகே நின்றுவிட்டார்.

"காலையில என்ன சொன்னே?"

"என்ன சொன்னேன்?"

"'மாட்டோட வந்தா உள்ள வாங்க. இல்லன்னா வாசப்படியை மிதிக்காதீங்க'ன்னு சொன்னியா இல்லையா?"

"அதான் மாடு வந்துட்டுதே!"

"மாடு பக்கிரியோட வந்துச்சு. நான் உன்னோட வந்தேன். நான் மாட்டோட வரல."

மங்கையர்க்கரசி தெய்வசகாயத்தைப் பார்த்தாள். தெய்வசகாயம் ஆழ்ந்து யோசித்து, "சார் சொல்றது சரிதாம்மா" என்றார்.

அம்பலவாணன் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். தெருக்கோடிவரை போய்விட்டு மாட்டோடு திரும்பி வந்தால் எந்தக் குறையும் இல்லை. கோடிக்குப் போனார். திரும்பினார். வழியை மறித்துக்கொண்டு பக்கிரிசாமி நின்றார்.

"மணி நாலுதான் ஆகுது சார். அஞ்சே முக்கால் வரைக்கும் நான் டூட்டி. தெருவுல மாடு வந்தா விடக் கூடாது" என்று வருத்தத்தோடு சொல்லிக் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

அம்பலவாணன் அசரவில்லை. இப்போது அவர் எல்லாம் கற்றுத் தேர்ந்தவர். "பிடி பக்கிரி, நல்லாப் பிடி. சகாயம், பதிவேட்டை எடுங்க. இந்தத் தடவை ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது. கேளுங்க!"

தெய்வசகாயம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்த, காளி மென்று துப்பிய பதிவேட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"செவலை!" என்றார் அம்பலவாணன் கணீரென்று.

தெய்வசகாயம் பேனாவை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார். நான் மாட்டைக் கேட்டேன்."